புரியாத சொற்களுக்குள் வழி கண்டுபிடித்தல்: ஒரு துறைக்குள் புதிதாக நுழைவோருக்கு

ஒரு துறைக்குள் புதிதாகக் காலெடுத்து வைப்பவர் முதல் வாரத்திலேயே தவறாமல் ஓர் அனுபவத்தைச் சந்திக்கிறார். அவர் கையில் ஓர் ஆவணத்தைக் கொடுக்கிறார்கள். அதிலுள்ள சொற்களில் பெரும்பாலானவை அவருக்குத் தெரிந்தவைதான், ஆனால் இரண்டு பக்கம் படித்து முடித்த பிறகும் அது யாரை என்ன செய்யச் சொல்கிறது என்பது மட்டும் பிடிபடுவதில்லை. சுற்றியிருப்பவர்கள் அதே ஆவணத்தைச் சரளமாகப் புரட்டுவதைப் பார்த்ததும், குறை தன்னிடம்தான் இருக்கிறது என்று முடிவு செய்துகொண்டு அவர் வாயை மூடிக்கொள்கிறார். அந்த முடிவு பல நேரங்களில் தவறானது. பிறர் எழுதிய அறிக்கைகளையும் கையேடுகளையும் திருத்துவதையே பல ஆண்டுகளாகத் தொழிலாகக் கொண்டிருப்பதால், இந்தக் காட்டுக்குள் நான் பலமுறை வழிதவறியிருக்கிறேன். வெளியே வர உதவிய முறைகளை, அவற்றைச் செய்ய வேண்டிய வரிசையிலேயே இங்கே எழுதுகிறேன்.

முதல் மாதத்துக் குறிப்பேடு

சேர்ந்த நாளிலேயே ஒரு குறிப்பேட்டைத் தொடங்குங்கள். புரியாத ஒவ்வொரு சொல்லையும் அது வந்த வாக்கியத்தோடு சேர்த்து எழுதுங்கள். சொல்லை மட்டும் பெயர்த்தெடுத்து எழுதினால் பயனில்லை, ஏனெனில் ஒரே சொல் இடத்துக்கு இடம் வேறு முகம் காட்டும். 'அணி' என்றால் விளையாட்டரங்கில் ஒரு குழு, இலக்கண வகுப்பில் உவமையும் உருவகமும், கணித வகுப்பில் எண்களை நிரை நிரலாக அடுக்கிய கட்டம். 'பற்று' என்பது பேச்சில் அன்பைக் குறிக்கும். கணக்குப் பதிவேட்டில் வரவுக்கு எதிர்ப்பக்கம் நிற்கும் பற்றுக்கும் அன்புக்கும் தொடர்பே இல்லை. மருத்துவப் பரிசோதனை முடிவில் 'நெகட்டிவ்' என்று கண்டு கலங்கிப்போனவர்களை நான் பார்த்திருக்கிறேன். தேடிய நோய்க்கூறு தென்படவில்லை என்ற நல்ல செய்தியைத்தான் அச்சொல் அங்கே சொல்கிறது.

சொல்லுக்குப் பக்கத்தில் அகராதிப் பொருளை எழுதுவதைவிட, அந்தச் சொல்லைக் கேட்டதும் அங்குள்ளவர்கள் என்ன செய்கிறார்கள் என்பதை எழுதுவது அதிகம் உதவும். 'இந்தக் கோப்பு நிலுவையில் இருக்கிறது' என்று ஒருவர் சொன்னதும் மற்றவர் எழுந்து போய்க் கையெழுத்து வாங்கி வருகிறார் என்றால், அந்த இடத்தில் 'நிலுவை' என்பதற்கு 'மேலாளரின் கையெழுத்துக்காகக் காத்திருக்கிறது' என்று பொருள். எந்த அகராதியிலும் இது கிடைக்காது.

இந்தக் குறிப்பேட்டைத் தள்ளிப்போடக் கூடாது என்பதற்கு ஒரு காரணம் உண்டு: புரியாமை சீக்கிரம் மறந்துபோகும். 1990-இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் எலிசபெத் நியூட்டன் என்ற ஆய்வு மாணவி ஓர் எளிய சோதனையை நடத்தினார். எல்லோருக்கும் தெரிந்த ஒரு பாட்டை ஒருவர் மனத்துக்குள் பாடிக்கொண்டே அதன் தாளத்தை மேசையில் விரலால் தட்ட வேண்டும். எதிரில் இருப்பவர் அது எந்தப் பாட்டு என்று கண்டுபிடிக்க வேண்டும். கேட்பவர்கள் பாதிப் பாட்டுகளையாவது கண்டுபிடித்துவிடுவார்கள் என்று தட்டியவர்கள் எதிர்பார்த்தார்கள். தட்டிய 120 பாட்டுகளில் 3 மட்டுமே பிடிபட்டன. தட்டுகிறவரின் காதுக்குள் முழுப் பாட்டும் ஒலித்துக்கொண்டிருக்க, கேட்பவருக்கு வந்துசேர்ந்தது வெறும் டொக் டொக் ஓசைதான். துறையில் ஊறியவர்கள் எழுதும் ஆவணமும் அப்படிப்பட்ட தட்டல்தான்; அவர்கள் உங்களைக் குழப்ப நினைப்பதில்லை, தங்களுக்குக் கேட்கும் பாட்டு உங்களுக்கும் கேட்கிறது என்று நம்புகிறார்கள். மூன்று நான்கு மாதம் போனால் உங்கள் காதிலும் அது ஒலிக்கத் தொடங்கிவிடும், எந்த இடத்தில் தடுக்கினோம் என்பது பிறகு எவ்வளவு முயன்றாலும் நினைவுக்கு வராது. ஆகவே இப்போது எழுதிவைக்கும் குறிப்பு உங்களுக்கு மட்டுமன்றி, உங்களுக்குப் பின் வருகிறவருக்கும் சேர்த்துத்தான்.

சேர்ந்த சொற்களைப் பிரித்தல்

இரண்டு வாரத்தில் ஐம்பது அறுபது சொற்கள் சேர்ந்துவிடும். அவற்றை மூன்று குவியலாகப் பிரியுங்கள், ஏனெனில் ஒவ்வொன்றையும் கையாளும் முறை வேறு.

முதல் குவியல் உண்மையான துறைச்சொற்கள். இவற்றுக்கு மாற்றுச் சொல் கிடையாது. கற்றே தீர வேண்டும். கடினச் சொற்களைக் கண்டாலே சாடுவது இப்போது ஒரு பழக்கமாகிவிட்டது, ஆனால் துறைச்சொல் ஒன்றைத் துல்லியமாக வரையறுப்பதில் உயிரே அடங்கியிருக்கும் இடங்களும் உண்டு. 1977 மார்ச் 27 அன்று ஸ்பெயினுக்குச் சொந்தமான டெனெரிஃப் தீவின் ஓடுபாதையில் மூடுபனிக்கு நடுவே இரண்டு பெரிய விமானங்கள் மோதி 583 பேர் இறந்தார்கள். ஒரு விமானத்திலிருந்து 'இப்போது டேக்-ஆஃபில் இருக்கிறோம்' என்ற பொருளில் சென்ற வாக்கியத்தை, புறப்படத் தயாராக நிற்கிறார்கள் என்று கட்டுப்பாட்டு அறை எடுத்துக்கொண்டது. விமானமோ அப்போது ஓடத் தொடங்கியிருந்தது. அந்த விபத்துக்கு வேறு காரணங்களும் இருந்தன என்றாலும், அதன் பிறகு வானொலிப் பேச்சில் 'டேக்-ஆஃப்' என்ற சொல்லை மேலெழும்ப அனுமதி கொடுக்கும்போதும் அந்த அனுமதியைத் திரும்பப் பெறும்போதும் மட்டுமே பயன்படுத்துவது, மற்ற இடங்களில் 'புறப்பாடு' என்ற பொருளுள்ள வேறு சொல்லைச் சொல்வது என்று வழக்கத்தை மாற்றினார்கள். வெளியாளுக்கு இரண்டும் ஒன்றுபோலத் தோன்றும். உள்ளே இருப்பவருக்கு அந்த வேறுபாடுதான் பாதுகாப்பு. உங்கள் துறையிலும் இப்படி நான்கைந்து சொற்களாவது இருக்கும். எவை என்று முதலிலேயே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

இரண்டாவது குவியல், ஒரு கூட்டத்தார் தங்களுக்குள் வைத்துக்கொள்ளும் சுருக்கங்களும் செல்லப்பெயர்களும். நம் இலக்கணம் இதற்கு எப்போதோ பெயர் வைத்துவிட்டது: குழூஉக்குறி. 13-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்ததாகக் கொள்ளும் நன்னூலுக்கு உரை எழுதியவர்கள் காட்டும் எடுத்துக்காட்டுகள் இன்றும் வகுப்பறைகளில் வருகின்றன: பொற்கொல்லர் பொன்னைப் 'பறி' என்பார்கள், யானைப்பாகர் ஆடையைக் 'காரை' என்பார்கள், வேடர் கள்ளைச் 'சொல்விளம்பி' என்பார்கள். குடித்தவன் வாய் திறந்து எல்லாவற்றையும் சொல்லிவிடுவான் என்பதால் வந்த பெயராக இருக்க வேண்டும். இன்றைய அலுவலகச் சுருக்கங்களில் இவ்வளவு நகைச்சுவையை நான் கண்டதில்லை. குழூஉக்குறிக்கு உள்ளே ஒரு பயன் உண்டு, நேரம் மிச்சமாகும். அதை வெளியாருக்கு எழுதும் கடிதத்தில் அப்படியே போடும்போதுதான் அது கதவைச் சாத்துகிறது.

சுருக்கங்களைப் பற்றி ஓர் எச்சரிக்கை. நான் முதலில் வேலை பார்த்த இடத்தில் மாத அறிக்கையின் கடைசிப் பத்திக்கு மூன்றெழுத்துச் சுருக்கம் ஒன்று தலைப்பாக இருந்தது. அதன் விரிவு என்ன என்று ஐந்து மாதம் கழித்து, வெட்கத்தை விட்டு, மூத்தவர்கள் மூவரிடம் கேட்டேன். மூன்று வெவ்வேறு விடைகள் கிடைத்தன. மூவரும் அந்தப் பத்தியை மாதந்தோறும் நிரப்பிக்கொண்டிருந்தவர்கள்.

மூன்றாவது குவியல் ஊதிப் பெருத்த சொற்கள். 'பயன்படுத்தினோம்' என்று முடியவேண்டியது 'பயன்பாட்டுக்கு உட்படுத்தப்பட்டது' என்று வளர்வதும், 'பேசினோம்' என்பது 'கலந்துரையாடல் மேற்கொள்ளப்பட்டது' என்று வீங்குவதும் இந்த வகை. இவற்றைக் கற்க வேண்டியதில்லை. படிக்கும்போது மனத்துக்குள் சிறிய சொல்லால் மாற்றிக்கொண்டு மேலே செல்லலாம். எந்தக் குவியலில் போடுவது என்று தெரியாமல் நடுவில் நிற்கும் சொற்களும் உண்டு. மருத்துவர்கள் சொல்லும் 'இடியோபதிக்' என்பதற்குக் 'காரணம் தெரியவில்லை' என்பதுதான் பொருள். மருத்துவர்கள் தங்களுக்குள் பேசும்போது, தெரிந்த காரணங்களைத் தேடிப் பார்த்துவிட்டோம் என்ற தகவலையும் அச்சொல் சுமந்து செல்கிறது. நோயாளியின் காதிலோ அது ஏதோ ஒரு நோயின் பெயராக விழுகிறது. சொல் ஒன்றுதான், யாரிடம் சொல்கிறோம் என்பதைப் பொறுத்து அது குவியல் மாறுகிறது.

கேட்பது

'இது எனக்குப் புரியவில்லை' என்று மட்டும் சொன்னால், எதிரில் இருப்பவர் அதே வாக்கியத்தை இன்னும் சத்தமாகத் திரும்பச் சொல்வார். நீங்கள் புரிந்துகொண்டதைச் சிறு வாக்கியமாகச் சொல்லி, சரியா என்று கேளுங்கள்: 'அப்படியென்றால் வெள்ளிக்கிழமைக்குள் நான் கையெழுத்துப் போட்டு உங்களிடம் கொடுக்க வேண்டும், அப்படித்தானே?' தவறாக இருந்தால் அவர் உடனே திருத்துவார், திருத்தும்போது எளிய சொற்களில்தான் பேசுவார். கூட்டத்தின் நடுவே கேட்கத் தயக்கமாக இருந்தால், கூட்டம் முடிந்த கையோடு ஒருவரைத் தனியே பிடித்துக் கேளுங்கள்; மறுநாளுக்கு விட்டால் கேட்க மாட்டீர்கள்.

முடிச்சை அவிழ்த்தல்

அதிக நேரம் செலவிட வேண்டிய இடம் இதுதான். தமிழ் வாக்கியத்தில் வினைமுற்று கடைசியில் வருகிறது. அதற்கு முன்னால் பெயரெச்சங்களையும் வினையெச்சங்களையும் எத்தனை வேண்டுமானாலும் கோத்துக்கொண்டே போக மொழி இடம் தருகிறது. நல்ல எழுத்தாளர் கையில் இது வரம். அவசரமாக எழுதுகிறவர் கையில், எல்லாப் பெட்டிகளும் வந்து சேர்ந்த பிறகே எஞ்சின் கண்ணில் படும் ரயிலாகிவிடுகிறது. நானே கட்டிய ஒரு மாதிரி இதோ. இதன் உறவினர்களை நீங்கள் எங்கும் சந்திக்கலாம்:

'மேற்படி பொருள் தொடர்பாகப் பெறப்பட்ட விண்ணப்பங்களின் மீதான பரிசீலனை மேற்கொள்ளப்பட்டதில், உரிய ஆவணங்கள் இணைக்கப்படாத நேர்வுகளில் விண்ணப்பங்கள் நிராகரிப்புக்கு உள்ளாக்கப்படும் என்பது இதன்மூலம் சம்பந்தப்பட்ட அனைவரின் கவனத்திற்கும் கொண்டுவரப்படுகிறது.'

பென்சிலை எடுத்துக்கொண்டு கடைசியிலிருந்து தொடங்குங்கள். 'என்பது இதன்மூலம்' என்பதிலிருந்து 'கொண்டுவரப்படுகிறது' வரையுள்ள வால் பகுதியை அடித்துவிடலாம். அறிவிப்பு என்றாலே கவனத்திற்குக் கொண்டுவருவதுதான். 'மேற்படி பொருள் தொடர்பாக' என்ற தலையையும் அடித்துவிடலாம். மிஞ்சியதில் '-ப்படு' வரும் இடங்களை எல்லாம் வட்டமிடுங்கள். பெறப்பட்ட, மேற்கொள்ளப்பட்டதில், இணைக்கப்படாத, உள்ளாக்கப்படும் என நான்கு வட்டங்கள். ஒவ்வொரு வட்டத்துக்கும் மேலே 'யார்?' என்று எழுதி விடையை நிரப்புங்கள். பெற்றவர்கள் அலுவலகத்தார், பரிசீலித்தவர்களும் அவர்கள்தான், இணைக்காதவர் விண்ணப்பித்தவர், நிராகரிக்கப் போகிறவர்கள் மறுபடியும் அலுவலகத்தார். ஆக, இந்தக் கதையில் இரண்டே பாத்திரங்கள், அதிலும் ஒருவர் நீங்கள். இவ்வளவு நீண்ட வாக்கியத்தில் 'நாங்கள்', 'நீங்கள்' என்ற இரண்டு சொற்களும் ஒருமுறைகூட வரவில்லை என்பதைக் கவனியுங்கள்.

அடுத்து, வினையைப் பெயராக்கி வைத்திருக்கும் இடங்களைத் தேடுங்கள். 'பரிசீலனை மேற்கொள்ளப்பட்டதில்' என்பதைப் 'பரிசீலித்தோம்' என்றும், 'நிராகரிப்புக்கு உள்ளாக்கப்படும்' என்பதை 'நிராகரிப்போம்' என்றும் மாற்றுங்கள். இப்போது கையில் இருப்பது: 'வந்த விண்ணப்பங்களைப் பரிசீலித்தோம். உரிய ஆவணங்களை இணைக்காத விண்ணப்பங்களை நிராகரிப்போம்.'

இங்கேதான் உண்மையான சிக்கல் தலைகாட்டுகிறது. பரிசீலித்து முடித்துவிட்டார்கள் என்றால், நிராகரித்தும் விட்டார்களா, இனிமேல்தான் நிராகரிக்கப் போகிறார்களா? இனிமேல் என்றால், விட்டுப்போன ஆவணத்தை இப்போது கொடுத்தால் ஏற்பார்களா, எந்த நாள் வரை ஏற்பார்கள்? 'உரிய' ஆவணங்கள் எவை? மூல வாக்கியத்தை எத்தனை முறை படித்தாலும் விடை கிடைக்காது, ஏனெனில் எழுதியவர் அதை முடிவு செய்திருக்கவில்லை. நான் திருத்தக் கையில் எடுக்கும் புரியாத வாக்கியங்களில் கணிசமானவை இந்த வகையைச் சேர்ந்தவை. முடிவெடுக்காத இடத்தை மூடத்தான் '-ப்பட்டு', 'உரிய', 'ஆவன செய்ய' ஆகியவை வந்து நிற்கின்றன. ஆகவே அவிழ்த்த பிறகும் புரியாத வாக்கியம் கிடைத்தால், உங்கள் அறிவைச் சந்தேகிக்காமல், விடுபட்ட முடிவைக் கேள்வியாக எழுதி அனுப்புங்கள். இந்த எடுத்துக்காட்டுக்கு அந்தக் கேள்வி: 'எந்தெந்த ஆவணங்கள், எந்தத் தேதிக்குள், யாரிடம் கொடுக்க வேண்டும்?' விடை வந்துவிட்டால் அறிவிப்பு தானாகவே எழுதிக்கொள்ளும்: 'உங்கள் விண்ணப்பத்துடன் அடையாளச் சான்று, முகவரிச் சான்று இரண்டின் நகலையும் இணைத்திருக்க வேண்டும். இணைக்காதவர்கள் இம்மாதம் 20-ஆம் தேதிக்குள் எங்களிடம் கொடுங்கள். அதற்குப் பிறகும் வராவிட்டால் விண்ணப்பத்தை நிராகரிப்போம்.'

நீளம் மட்டும் குற்றமில்லை. 'பழைய பயனர்களின் பட்டியல்' என்ற மூன்றே சொற்களில் பழையது பட்டியலா பயனர்களா என்று சொல்ல முடியாது. அடைமொழி எதன்மேல் உட்கார்ந்திருக்கிறது என்பதை ஒவ்வொரு முறையும் சரிபாருங்கள்.

நீங்களே எழுதும்போது

சில மாதங்களில் எழுதும் வேலை உங்களிடம் வரும், முன்மாதிரியாகப் பழைய கோப்பு ஒன்றையும் கொடுப்பார்கள். அதன் தகவல்களை எடுத்துக்கொள்ளுங்கள், நடையை விட்டுவிடுங்கள். முதல் வரியை எழுதும் முன், படிப்பவர் இதைப் படித்துவிட்டு என்ன செய்ய வேண்டும் என்பதை ஒரு துண்டுத்தாளில் எழுதுங்கள். பெரும்பாலும் அதுவே உங்கள் முதல் வாக்கியம்.

வினைச்சொல்லை வினையாகவே விடுங்கள். 1944-இல், அமெரிக்காவில் போர்க்கால நிறுவனம் ஒன்றின் தலைவராக இருந்த மௌரி மாவெரிக், தன் ஊழியர்களின் எழுத்துநடையால் பொறுமையிழந்து ஒரு சுற்றறிக்கை விட்டார். வான்கோழியின் கத்தலை நினைவில் வைத்து 'காபிள்டிகூக்' என்ற சொல்லை அவர் உருவாக்கியது அப்போதுதான். விளங்காத அலுவலக நடைக்கு ஆங்கிலத்தில் இன்றும் அதுவே பெயர். 'ஆக்டிவேஷன்', 'இம்ப்ளிமென்டேஷன்' என்று எழுதுகிறவர்களைச் சுட்டுவிடப் போவதாகவும் அதில் மிரட்டியிருந்தார். அவர் தேர்ந்தெடுத்த இரண்டுமே வினையைப் பெயராக்கிய சொற்கள் என்பது தற்செயலாக இருக்காது. தமிழில் அவற்றின் தம்பிகள் 'செயலாக்கம்', 'நடைமுறைப்படுத்தல்' என்ற பெயரில் உலவுகின்றன. பக்கத்திலேயே ஒரு 'மேற்கொள்' நிற்கும், எளிதில் அடையாளம் காணலாம்.

ஒரு பொருளுக்கு ஒரே சொல்லைக் கடைசிவரை வைத்துக்கொள்ளுங்கள். ஒரே சொல் திரும்பத் திரும்ப வரக் கூடாது என்று பள்ளிக் கட்டுரையில் பழகிய கை, கையேட்டிலும் முதல் பத்தியில் 'பதிவிறக்கம்' என்றும் அடுத்ததில் 'தரவிறக்கம்' என்றும் எழுதும். புதியவர் இவை இரண்டு வேறு செயல்கள் என்று எண்ணித் தேடிக்கொண்டிருப்பார். எந்த மொழிச் சொல் என்ற கேள்விக்கும் இதே வழியில் விடை காணலாம்: படிப்பவர் வாயில் ஏற்கெனவே புழங்கும் சொல்லே நல்ல சொல். 'கணினி'யும் 'மின்னஞ்ச'லும் அப்படி நிலைபெற்றுவிட்டன. ஆனால் இன்று காலை நீங்களே ஆக்கிய புதுச்சொல்லைப் படிப்பவர் மனத்துக்குள் ஆங்கிலத்துக்குத் திருப்பிப் பார்த்துத்தான் புரிந்துகொள்வார் என்றால், அவருக்கு இரட்டை வேலை கொடுத்திருக்கிறீர்கள். புதுச்சொல் வேண்டும் என்று தோன்றினால், முதல் முறை வரும் இடத்தில் அது என்ன செய்கிறது என்பதை அரை வரியில் சொல்லிவிடுங்கள்.

சுருக்கினால் போதும் என்றும் எண்ண வேண்டாம். நன்னூல் அடுக்கும் பத்துக் குற்றங்களில் முதலாவது குன்றக் கூறல், அடுத்ததே மிகைபடக் கூறல். பத்து அழகுகளிலும் சுருங்கச் சொல்லலை அடுத்து நிற்பது விளங்க வைத்தல்தான். வீங்கிய வாக்கியத்தை வெட்டுகிற ஆர்வத்தில் நாளையும் இடத்தையும் சேர்த்து வெட்டிவிட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன், நானும் அவர்களில் ஒருவர்.

எளிமையாக எழுதினால் மதிப்புக் குறையும் என்ற அச்சம் புதியவர்களை வாட்டும். 2006-இல் டேனியல் ஓபன்ஹைமர் என்ற உளவியலாளர் இதையே சோதித்துப் பார்த்தார். ஒரே கட்டுரையின் சொற்களை நீண்ட சொற்களாக மாற்றிக் கொடுத்தபோது, படித்தவர்கள் அதை எழுதியவரை அறிவு குறைந்தவராகவே மதிப்பிட்டார்கள். அந்த ஆய்வுக் கட்டுரைக்கு அவர் வேண்டுமென்றே வாயில் நுழையாத தலைப்பு ஒன்றை வைத்தார், அதே ஆண்டில், முதலில் சிரிக்கவும் பிறகு சிந்திக்கவும் வைக்கும் ஆய்வுகளுக்குக் கொடுக்கும் இக்நோபல் விருதையும் இலக்கியப் பிரிவில் பெற்றார்.

கொடுத்துப் பார்த்தல்

எளிய மொழிக்கென்று 2023-இல் ஐ.எஸ்.ஓ. 24495-1 என்ற பன்னாட்டுத் தரநிலை வெளிவந்தது. படிப்பவர் தமக்கு வேண்டியதைக் கண்டுபிடிக்க முடிகிறதா, கண்டதைப் புரிந்துகொள்ள முடிகிறதா, புரிந்ததைப் பயன்படுத்த முடிகிறதா என்பதையே அது அளவுகோலாக வைக்கிறது. இந்த மூன்றையும் எழுதியவர் தானே சோதிக்க முடியாது. அவர் காதில் பாட்டு ஒலித்துக்கொண்டிருக்கிறது.

ஆகவே எழுதியதை உங்கள் பிரிவைச் சேராத ஒருவரிடம் கொடுங்கள். 'புரிந்ததா?' என்று கேட்காதீர்கள், மரியாதைக்காகவேனும் 'புரிந்தது' என்பார். 'இதைப் படித்துவிட்டு முதலில் என்ன செய்வீர்கள்?' என்று கேட்டுவிட்டுப் பேசாமல் உட்காருங்கள். அவர் கண் எந்த வரியில் பின்னோக்கிப் போகிறதோ, அந்த வரியின் ஓரத்தில் ஒரு புள்ளி வையுங்கள். நடுவில் அவர் நிமிர்ந்து எதையாவது கேட்டால் நீங்கள் உங்களை அறியாமலே, 'அது ஒன்றுமில்லை, வந்து...' என்று விளக்கத் தொடங்குவீர்கள். அந்த 'வந்து'வுக்குப் பிறகு வாயில் வந்த வாக்கியத்தை மறப்பதற்குள் அப்படியே தாளின் ஓரத்தில் எழுதிக்கொண்டு, அவரைத் தடுக்கிவிட்ட வரியை அடித்துவிட்டு அந்த இடத்தில் இதைப் போடுங்கள்.